வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டால் பெற்றோரைப் பார்ப்பது உறுதியாகிவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் சொந்த வீட்டில் அப்பா (74), அம்மா (69). அதே வீட்டில் தம்பி, தம்பி மனைவி, இரண்டு குழந்தைகள். நீங்கள் திருமணமாகி சென்னையில் வேலை பார்க்கிறீர்கள். அம்மாவுக்கு மூட்டு தேய்ந்து நடமாட்டம் குறைந்துவிட்டது, அப்பாவுக்கு ஒரு வருடமாக மறதி. "கடைசிவரை பார்க்கப்போவது அவன்தான், உனக்குச் செய்யவேண்டியதைக் கல்யாணத்திலேயே செய்தாச்சு" என்று அப்பா வீட்டைத் தம்பிக்கு எழுதப் போகிறார். தம்பியோ மாதச் செலவில் பாதியை உங்களிடம் கேட்கிறார். சொத்து அவனுக்கு, செலவு எனக்கா என்பது உங்கள் ஆதங்கம். இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன: பணம் யார் தருவது, உடம்பால் யார் பார்ப்பது, வீடு யாருக்கு. பெரும்பாலான குடும்பங்களில் சண்டை வருவது இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான். முதியோர் பராமரிப்பில் குடும்பங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை, பத்திரத்தின் வாசகத்தை வழக்கறிஞர்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அப்பாவின் பக்கம். அவர் தலைமுறையில் மகளுக்கு நகையும் சீரும், மகனுக்கு வீடு, வீட்டோடு சேர்த்துப் பெற்றோரும் என்பதுதான் ஏற்பாடு. அதைப் பேராசை என்றோ ஓரவஞ்சனை என்றோ மட்டும் பார்த்தால் அவரோடு பேசவே முடியாது. அரசு வேலையில் இல்லாதவருக்கு அந்த வீடுதான் ஓய்வூதியம், அதுதான் காப்பீடு. அந்த ஏற்பாடு ஓடியதற்குக் காரணங்கள் இருந்தன. ஒரு வீட்டில் நான்கைந்து பிள்ளைகள், வேலைக்குப் போகாத மருமகள், படுத்தால் அதிக நாள் இழுக்காத கடைசி நோய். இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2021-ல் 13.6 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள், பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மாத்திரையில் அடங்கியிருக்க, முடியாமையோடு பல வருடங்கள் வாழ்கிறோம். சொத்துச் சட்டமும் மாறியது. தமிழ்நாடு 1989-லும் மத்திய அரசு 2005-லும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு தந்தன. பங்கு கேட்கிறவள் பாரத்தையும் சுமக்கட்டும் என்று அண்ணன் தம்பிகள் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆக உங்கள் அப்பா பழைய கணக்கில் வீட்டைப் பிரிக்கிறார், தம்பி புதிய கணக்கில் செலவைப் பிரிக்கிறார். அவரவர் கணக்கு அவரவர்க்குச் சரி. இரண்டையும் சேர்த்துவைத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம் உங்களுக்கு வருகிறது, நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் சொத்து வராததால் கடமையும் இல்லை என்ற வாதம் சட்டத்தில் நிற்காது. இதில் ஐயமில்லை. 1956-ன் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாத வயதான பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை மகன், மகள் இருவர் மீதும் வைக்கிறது. திருமணமான மகளுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. 2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்திலும் பிள்ளைகள் என்றால் மகன், மகள், வயதுவந்த பேரன், பேத்தி. அதே நேரம் "பாதி" என்ற அளவு எந்தச் சட்டத்திலும் இல்லை. யாரால் எவ்வளவு முடியும், பெற்றோருக்கு எவ்வளவு தேவை என்பதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். பிள்ளைகள் என்ற அந்தப் பட்டியலில் மருமகள் கிடையாது. மருமகளையும் மருமகனையும் சேர்க்க 2019-ல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அதாவது உங்கள் அம்மாவைக் குளிக்கவைத்து, சோறு போட்டு, ராத்திரி எழுந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போகிற தம்பி மனைவிக்குச் சட்டப்படி ஒரு கடமையும் இல்லை, உங்கள் அப்பாவின் வீட்டில் ஒரு பங்கும் இல்லை. நீங்கள் எழுதிய நீண்ட கேள்வியில் அவர் ஒரே ஒருமுறைதான் வருகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுகிறார்கள், ஏற்பாடு உடைவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இனி வீடு. அது அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியதா, பூர்வீகமா என்று மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். சுயசம்பாத்தியம் என்றால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், உங்கள் சம்மதம் தேவையில்லை. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து, 1956-க்குப் பிறகு இறந்து, வாரிசாக அப்பாவுக்கு வந்த வீடும் பொதுவாக அப்பாவின் தனிச்சொத்துதான். தாத்தா வீடு என்றாலே பூர்வீகம் என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள். உண்மையிலேயே பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தாக இருந்தால் மட்டும் உங்கள் பங்கை அவர் எழுதிக்கொடுக்க முடியாது.

எழுத இரண்டு வழி. உயில் எழுதினால் அவர் உயிரோடு இருக்கும்வரை வீடு அவருடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது பின்னால் வரும் சண்டையைக் குறைக்கும். செட்டில்மென்ட் பத்திரம் பதிவானால் வீடு அன்றே கைமாறுகிறது. மனம் மாறிவிட்டது என்று அப்பா தனியாகப் போய் அதை ரத்து செய்ய முடியாது. இருந்தும் பலர் செட்டில்மென்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் செலவு குறைவு (2023 ஜூலைத் திருத்தப்படி குடும்பத்துக்குள் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000, இப்போதைய தொகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்). "எனக்குப் பிறகு பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போகக்கூடாது" என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். என் கருத்தைக் கேட்டால், பராமரிப்பின் பெரும்பகுதி இன்னும் வரவே இல்லாத நிலையில் வீட்டை முன்கூட்டியே கொடுத்துவிடுவது பெற்றோருக்கு நல்லதல்ல. தம்பி கெட்டவர் என்று சொல்லவில்லை. தம்பிக்கு ஒரு விபத்து, ஒரு கடன், ஒரு வேலையிழப்பு வந்தால் வங்கிக்குத் தெரிவது பத்திரத்தில் இருக்கும் பெயர் மட்டும்தான்.

அப்பா செட்டில்மென்ட்தான் என்று பிடிவாதமாக இருந்தால் அதில் இரண்டு விஷயங்கள் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். ஒன்று, ஆயுட்கால உரிமை. "என் ஆயுள்வரை" என்று மட்டும் எழுதிவிட்டு அம்மாவை மறந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. பெண்கள் பெரும்பாலும் கணவருக்குப் பின்னும் வாழ்கிறார்கள். "எங்கள் இருவரில் கடைசியாக இருப்பவரின் ஆயுள்வரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமை, அதுவரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது" என்ற பொருளில் இருக்க வேண்டும். இரண்டு, பராமரிப்பு நிபந்தனை. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைத் தர வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது என்று எழுத வேண்டும். 2007 சட்டத்தின் 23-ஆவது பிரிவு, இப்படி நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அதை வாங்கிக்கொண்டவர் கவனிக்க மறுத்தால் மூத்த குடிமக்கள் திருப்பி வாங்க வழி செய்கிறது.

நிபந்தனை எழுதாமல் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதில்தான் ஐயம் இருக்கிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோரைக் காப்பதற்கான சட்டம் இது, தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாயின் தானப்பத்திரத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினம் வழக்கொன்றில், அன்பும் பாசமும் என்பதே மறைமுக நிபந்தனைதான் என்றது. காற்று பெற்றோர் பக்கம்தான் வீசுகிறது. ஆனாலும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டுவிட்டு, எண்பது வயதில் தீர்ப்புகளை நம்பி அலைய வேண்டிய அவசியம் என்ன?

அப்பாவின் மறதியைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும், வீட்டுக்கும் முன்பாக. வயதானால் மறதி சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, ரத்தத்தில் சோடியம் குறைவது, மனச்சோர்வு, காது கேளாமை, சில தூக்க மாத்திரைகள் இவையும் மறதி போலவே தெரியும், சிலது சிகிச்சையில் சரியாகும். முதியோர் மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையில் காட்டுங்கள். சென்னை கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மையம் அரசு மருத்துவமனைதான். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நோய் மறதிநோய்தான் என்று உறுதியானால் காலம் குறைவு. எதில் கையெழுத்திடுகிறோம் என்று புரிந்து அவர் கையெழுத்திடும் நிலை இருக்கும்போதே உயிலோ பத்திரமோ முடிய வேண்டும். கையெழுத்திடும் வாரத்திலேயே, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து யாராவது அந்தக் கையெழுத்தையே கேள்வி கேட்பார்கள்.

இதில் அதிகம் பேருக்குத் தெரியாத பொறி ஒன்று உண்டு. "பவர் (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிவிட்டோம், கவலையில்லை" என்பார்கள். எழுதிக்கொடுத்தவர் சுயபுத்தியை இழந்துவிட்டால் அந்தப் பவர் பத்திரம் சட்டப்படி முடிந்துபோகிறது, அதாவது அது தேவைப்படும் நேரத்தில்தான் பயன்படாமல் போகிறது. பிறகு அவர் கணக்கில் இருந்து மருத்துவமனைக்குப் பணம் எடுக்கக்கூட, பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போன குடும்பங்கள் உண்டு. ஆகவே இப்போதே அப்பாவின் வங்கிக் கணக்கை அம்மாவோடு "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்" முறையில் கூட்டுக் கணக்காக்குங்கள். வைப்புநிதிகளையும் அப்படியே மாற்றி, எல்லாவற்றுக்கும் நியமனதாரர் (நாமினி) பெயரைச் சரிபாருங்கள்.

செலவுக்கு வருவோம். எவ்வளவு உதவி தேவை என்று அளக்காமல் பங்கு பிரித்தால் ஆறு மாதத்தில் திரும்ப அதே சண்டை வரும். மருத்துவர்கள் ஆறு விஷயங்களைக் கேட்பார்கள்: தானே குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போய்வருகிறாரா, படுக்கையில் இருந்து நாற்காலிக்கு மாறுகிறாரா, சிறுநீர் மலம் அடக்க முடிகிறதா, தானே சாப்பிடுகிறாரா. இவற்றில் எத்தனைக்குக் கை கொடுக்க வேண்டியிருக்கிறதோ அதைப் பொறுத்து ஆள் தேவை ஏறும். இன்னொரு கேள்வியை நானாகச் சேர்ப்பேன்: ராத்திரி எத்தனை தடவை எழுப்புகிறார்? பகல் வேலையைத் தாங்குகிறவர்கள்கூட மூன்று மாதம் தொடர்ந்து தூக்கம் கெட்டால் உடைந்துபோவார்கள்.

அளந்த பிறகு கணக்கு. ஓர் உதாரணம் போடுகிறேன், எண்களை உங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெற்றோரின் சொந்த வருமானம் போக மருந்து, உணவு, மருத்துவர், மின்சாரம் எல்லாம் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய் கையில் இருந்து போகிறது என்று வைப்போம். தம்பி மனைவி செய்யும் வேலைக்கு வெளியாள் வைத்தால் உங்கள் ஊரில் 15,000 ஆகும் என்று வைப்போம். மொத்தச் செலவு 33,000. தம்பி குடும்பம் அப்பா வீட்டில் வாடகையில்லாமல் இருக்கிறது, அதன் மதிப்பு 8,000 என்றால் அது பெற்றோருக்கு வரவேண்டிய வருமானம். அதைக் கழித்தால் 25,000, ஆளுக்கு 12,500. தம்பியின் 12,500-உடன் வாடகை 8,000 சேர்ந்து 20,500. அதில் அவர் மனைவியின் உழைப்பு 15,000 போக, அவர் கையில் இருந்து தரவேண்டியது 5,500. நீங்கள் தருவது 12,500. இரண்டும் சேர்ந்தால் 18,000 சரியாக வருகிறது. "பாதி" என்று தம்பி கேட்டது 9,000 தான் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் நடக்கும் உழைப்புக்கு விலை வைத்தால் உங்கள் பங்கு கூடுகிறது. வீடு முழுமையாகத் தம்பிக்கே என்று முடிவானால் கணக்கு வேறு பக்கம் சாயும், அப்போது உங்கள் பங்கைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. வருமானத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் ஆளுக்குப் பாதி என்பதை வருமான விகிதத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்த விகிதம் நியாயம் என்று வெளியாள் சொல்ல முடியாது.

பணத்தை தம்பி கையில் கொடுக்காதீர்கள். அம்மா பெயரில் ஒரு தனிக் கணக்கு, அதில் இருவரும் மாதம் 5-ஆம் தேதிக்குள் போடுவது, செலவை ஒரு நோட்டில் எழுதுவது. இது சந்தேகத்துக்காக இல்லை, "என்ன செலவாகிறது என்று அக்காவுக்கு என்ன தெரியும்" என்ற பேச்சு வராமல் இருக்க. அதோடு வருடத்துக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நாள், நீங்களே போய் இருந்து தம்பி குடும்பத்தை வெளியே அனுப்புங்கள். பெற்றோரைச் சென்னைக்குக் கூட்டிவருவதைவிட இது நல்லது. மறதி உள்ளவர் புது வீட்டில் கழிப்பறை எங்கே என்று தெரியாமல் தடுமாறுவார், இரவில் குழப்பம் கூடும். மூன்று மாதம் மகன் வீடு, மூன்று மாதம் மகள் வீடு என்று முறை வைத்து மாற்றுவது பேச்சுக்கு நியாயமாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு மாற்றத்திலும் மருத்துவர் மாறுகிறார், ஏதோ ஒரு மாத்திரை விட்டுப்போகிறது. அம்மாவை ஒரு பிள்ளையிடமும் அப்பாவை ஒரு பிள்ளையிடமும் பிரித்துவைப்பது அதைவிட மோசம்.

ஆள் வைக்கும் நிலை வந்தால், முகமையிடம் கேட்கும்போது உதவியாளரா செவிலியரா என்று தெளிவாகக் கேளுங்கள். குளிப்பாட்டவும் நடக்கவைக்கவும் உதவியாளர் போதும், குழாய் வழி உணவு, புண்ணுக்குக் கட்டு என்றால்தான் செவிலியர். ஒரே ஆள் 24 மணி நேரம் என்றால் அவருக்கு இரவில் ஐந்தாறு மணி நேரமாவது தூக்கம் வேண்டும், ராத்திரி நாலு தடவை எழுப்புகிற நோயாளிக்கு அந்த ஏற்பாடு தாங்காது. அம்மாவுக்குக் கழிப்பறையில் சுவர்க் கைப்பிடி, மேற்கத்தியக் கழிப்பான், இரவு விளக்கு, வழுக்காத தரை இவற்றை இந்த மாதமே செய்துவிடுங்கள். இடுப்பெலும்பு முறிவுச் சிகிச்சைக்கு முன்னால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வர, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள். அதில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வரும். மருத்துவக் காப்பீட்டுக்கு 65 வயது வரம்பு 2024 ஏப்ரலில் நீங்கிவிட்டது, ஆனால் ஏற்கனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருப்பு இருக்கலாம், பிரீமியமும் கனக்கும். அதே தொகையைத் தனியாகச் சேர்ப்பது மேல் என்று கணக்குப் போட்டு முடிவெடுத்த குடும்பங்களும் உண்டு. எது லாபம் என்பது அவர்கள் நோயைப் பொறுத்தது.

எல்லாம் கைமீறினால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு பெற்றோர் தரலாம், முடியாவிட்டால் அவர்கள் அனுமதித்தவர் தரலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம். நடைமுறையில் அதற்கு மேலும் இழுப்பது உண்டு. மாதாந்திரத் தொகைக்கு 2007 சட்டம் வைத்த உச்சம் 10,000 ரூபாய், இன்றைய மருத்துவச் செலவில் அது ஒரு மூலைக்குக்கூடப் போதாது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் உங்கள் வீடு அந்த நிலைக்கு வந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் பத்திரப் பேச்சைத் தொடங்க வேண்டியவர் நீங்கள் இல்லை. மகள் வாயைத் திறந்தால் சொத்துக்குத்தான் என்று அப்பாவின் காதில் விழும். முதலில் தம்பி மனைவியோடு தனியாக, அவருக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு தம்பியோடு செலவுக் கணக்கு. பத்திரப் பேச்சை அப்பா மதிக்கும் ஒருவர், தாய்மாமனோ சித்தப்பாவோ, எடுக்கட்டும். அம்மாவின் ஆயுட்கால உரிமையில் இருந்து தொடங்கினால் அப்பா காது கொடுப்பார். பத்திரம் எழுதுபவரிடம் வரைவைப் பதிவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வாங்கி, அம்மா உட்பட எல்லோருக்கும் வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். பராமரிப்பு நிபந்தனையும் ஆயுட்கால உரிமையும் இருந்தால் தம்பி பெயருக்கு எழுதுவதை நீங்கள் எதிர்க்க வேண்டியதில்லை. அந்த இரண்டு வரிகளைச் சேர்க்கத் தம்பி தயங்கினால், அப்பா உயிலோடு நிறுத்திக்கொள்ளட்டும்.